அறிவிக்கப்பட்ட பின்பு



நாய் கடித்தால் குற்றம் யார் மேல் வரும்? நாய் மேலா, நாயை வளர்த்தவன் மேலா, அந்த நேரத்தில் அந்தத் தெரு வழியாக நடந்து போனவன் மேலா? சிரிக்காமல் யோசித்துப் பாருங்கள். நம்ம எம். புதுப்பட்டி பக்கம் இதற்கு எல்லாரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. கடிபட்டவன், "வளர்த்தவனைக் கேளுங்க" என்பான். வளர்த்தவன், "நீங்க ஏன் ஓடுனீங்க? ஓடுனாத்தான் அது விரட்டும்" என்பான். பக்கத்தில் நிற்கிற பெரியவர், "வாயில்லா ஜீவன், அதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறபடியால் கேள்வி தீராமல் கிடக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு சகோதரன் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அரைப் பக்கம்தான். உங்கள் வீட்டு நாய் தெருவில் போகிறவர்களை விரட்டுகிறது, கடிக்கப் பாய்கிறது என்று புகார் வந்திருக்கிறது, தகுந்த ஏற்பாடு செய்து எழுத்து மூலம் பதில் தரவும் என்று இருந்தது. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, இதுக்குச் சூடா ஒரு பதில் எழுதிக் குடுங்க" என்றார். டீ ஆறுவதற்குள் மூன்று காரியம் சொன்னார். முதலாவது, "யாரு எழுதிப் போட்டதுன்னு எனக்குத் தெரியும்." இரண்டாவது, "இது சத்துருவோட போராட்டம், ஜெபக் குறிப்புல சேர்க்கணும்." மூன்றாவது, "ரொம்ப தொந்தரவுன்னா, ராத்திரியோட ராத்திரியா வண்டியில ஏத்திட்டுப் போய் எங்கயாச்சும் விட்டுட்டு வந்துருவேன்."

நல்ல மனுஷன். கோபத்தில் பேசினார். ஆனாலும் அந்த மூன்று பேச்சும் நம் எல்லார் வாயிலும் வரக்கூடியது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய பிரமாணத்தை வாசித்திருப்பீர்கள். பலர் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதி அது. அதன் கருத்தை என் வார்த்தையில் சொல்லுகிறேன். ஒருவனுடைய மாடு திடீரென்று யாரையோ முட்டிக் கொன்றால், தண்டனை மாட்டுக்கு, சொந்தக்காரன் குற்றமற்றவன். ஆனால் அது முட்டுகிற பழக்கமுள்ள மாடு, ஆட்கள் வந்து அவனிடத்தில் சொல்லியிருக்கிறார்கள், அப்படியும் அவன் கட்டிப்போடவில்லை என்றால், மாட்டோடு சேர்ந்து சொந்தக்காரனும் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டும். மாடு அதே மாடு, முட்டும் அதே முட்டு. மாறினது ஒன்றே ஒன்று: ஒருவர் வந்து சொன்னார், இவன் கேட்டான். அன்றிலிருந்து "எனக்குத் தெரியாதே" என்கிற வார்த்தை அவன் கையில் இல்லை.

இது இஸ்ரவேல் ஜனங்களுக்கு மாத்திரம் தோன்றின காரியமும் அல்ல. ஈராக் தேசத்தில் பாக்தாத் பட்டணத்துக்குப் பக்கத்தில் தெல் ஹர்மல் என்று ஒரு மண்மேடு இருக்கிறது. 1945-லும் 1947-லும் அங்கே தோண்டினபோது எழுத்துப் பொறித்த இரண்டு களிமண் பலகைகள் கிடைத்தன. எஷ்னுன்னா என்ற பழைய ராஜ்யத்தின் சட்டங்கள் அவை. வயது ஏறக்குறைய 3,800 வருஷம். அதிலே நாய்க்கென்றே ஒரு சட்டம் உண்டு. ஒருவனுடைய நாய் கடிக்கிற நாய் என்று அந்த வட்டாரத்து அதிகாரிகள் அவனுக்குத் தெரிவித்திருந்தும் அவன் அதைக் காவல் பண்ணாமல் விட்டு, அது ஒரு மனுஷனைக் கடித்து அவன் செத்தால், நாய்க்காரன் நாற்பது சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்க வேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய 330 கிராம் வெள்ளி. சகோதரன் பையில் மடித்து வைத்திருந்த அந்த அரைப் பக்கத்துக்கு எத்தனை வயது என்று பாருங்கள்! நாய் நோட்டீஸ் நம்ம ஊர் கிளார்க் கண்டுபிடித்தது அல்ல.

அதே சட்டத்தில் நாய்க்கு முன்னால் முட்டுகிற மாடு வருகிறது; நாய்க்கு அடுத்தபடியாக ஒரு சுவர் வருகிறது. விழப்போகிற சுவரைப் பற்றி அதிகாரிகள் வீட்டுக்காரனுக்குச் சொல்லியும் அவன் அதைப் பலப்படுத்தாமல் விட்டு, அது இடிந்து ஒருவன் செத்தால், அங்கே வெள்ளியில் தீராது. உயிர் வழக்காக ராஜாவிடம் போகும். மாடு, நாய், சுவர் மூன்றுக்கும் பொதுவாக இருப்பது அந்த முன்னறிவிப்புதான்.

நம்ம பூமியில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய நாற்பது பேர் மரித்ததை நாம் மறக்கவில்லை. விதிமீறலுக்காக அந்த ஆலையின் லைசென்ஸ் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அப்போது அதிகாரிகளே சொன்னார்கள். காகிதம் வந்திருந்தது, வேலையும் நடந்துகொண்டிருந்தது. நாய்க்கடியை அந்தச் சாவோடு சமமாக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்த காகிதத்தை மடித்துப் பையில் வைக்கிற கை மாத்திரம் ஒரே கைதான்.

இன்னொன்றும் அந்த எஷ்னுன்னா சட்டத்தில் இருக்கிறது. வாசித்தபோது எனக்கு மனசு சங்கடமாயிற்று. நாய் கடித்துச் செத்தவன் அடிமையாயிருந்தால் நாற்பது சேக்கல் வேண்டாம், பதினைந்து போதும்! கடிபட்டவன் யார் என்று பார்த்து விலை குறைத்திருக்கிறார்கள். இப்போது அப்படி எழுதுகிற சட்டம் இல்லை. ஆனால் நம் தெருவில் விடியற்காலம் நடந்து போகிறவர்கள் யார்? மோட்டார் சைக்கிளும் காரும் வைத்திருக்கிறவர்கள் அல்ல. ஆலை வண்டியைப் பிடிக்கத் தூக்குவாளியோடு ஓடுகிற பெண்கள், பால் ஊற்றுகிறவர், குப்பை எடுக்க வருகிற தூய்மைப் பணியாளர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கம்பு ஊன்றி நடக்கிற முதியவர்கள். நாயின் பல் படுகிறது இவர்கள் மேல்தான். ஒரு கடிக்கு என்ன கணக்கு என்று நாய்க்காரன் யோசிக்கிறதில்லை. தோலுக்குள் போடுகிற தடுப்பூசி கடித்த நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நாலு தடவை. ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வேலைக்குப் போகாத நாலு நாள் இலவசம் அல்ல. பீஸ் கணக்குக்குக் கூலி வாங்குகிற ஒரு சகோதரிக்கு அது ஒரு மாதச் சீட்டுப் பணமாக இருக்கலாம். "லேசாத்தான் பல் பட்டுச்சு, ஒண்ணும் ஆகலை" என்று நாய்க்காரன் சொல்லும்போது அவள் கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம். காயம் ஆழமாயிருந்தால் ஊசியோடு காயத்தில் போடுகிற மருந்தும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். வெறிநாய் நோய் அறிகுறி காட்டின பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கிற இடம் இது அல்ல. ஜெபித்துக்கொண்டே வரிசையில் நில்லுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயந்த காலம் போயிற்று. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

சரி, சகோதரனுடைய மூன்று பேச்சுக்கு வருவோம்.

யார் எழுதிப் போட்டது என்று தேடுகிறது முதலாவது. எழுதிப் போட்டவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? கம்பெடுத்து அந்த நாயின் இடுப்பை ஒடித்திருக்கலாம். கறியில் விஷம் வைத்திருக்கலாம். நம் பக்கத்தில் நடக்காத காரியம் அல்ல. அப்படிச் செய்கிறவனுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இவர் அதையெல்லாம் செய்யாமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் நாய்க்கும் நாய்க்காரனுக்கும் உபகாரம் செய்தவர். பேர் தெரியாமல் எழுதினால் என்ன? நேரே வந்து சொன்னால் நாம் எப்படி முகத்தைக் காட்டுவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சத்துருவின் போராட்டம் என்கிற பேச்சைக் குறித்து அதிகம் சொல்ல மாட்டேன். நம் வாசலில் நாம் கட்ட வேண்டிய நாயைக் கட்டாமல் விட்டுவிட்டு, அதனால் வந்த காகிதத்தைப் பிசாசின் கணக்கில் எழுதக் கூடாது. ஜெபக் குறிப்பில் சேர்க்கத்தான் வேண்டுமென்றால், பாய்கிற நாய்க்குப் பயந்து பாதை மாறிப் போகிற அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சேர்ப்போம்.

மூன்றாவது பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டுவிடுகிறது. ஊருக்கு ஊர் இது நடக்கிறது. கண்மாய்க் கரையிலோ கருவேலங்காட்டு ஓரத்திலோ, வேறொரு ஊரின் சந்தைப் பக்கத்திலோ இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். நோட்டீஸுக்குப் பதில்? "தற்சமயம் எங்கள் வீட்டில் நாய் இல்லை." எழுத்தில் பொய் இல்லை. ஆனால் நடந்தது என்ன? நம் தெருவுக்கு அந்த நாயைத் தெரியும். எந்தத் திருப்பத்தில் நிற்கும், யாரைக் கண்டால் பாயும் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கொண்டுபோய் விட்ட ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. தெரிந்த ஆபத்தைத் தெரியாதவர்கள் நடுவில் இறக்கிவிட்டு வந்திருக்கிறோம். பிரமாணத்தில் சொன்ன அந்த மாட்டுக்காரனாவது தன் மாட்டைத் தன் ஊரிலேயே வைத்திருந்தான்.

இன்னும் ஒன்று. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் அந்த நோய் இல்லை என்று அர்த்தம். நாயை ஒழித்துக்கட்டினால் கடிபட்டவனுக்கு அந்த நிச்சயமும் போயிற்று. பசியிலும் தாகத்திலும் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிட்டு வருகிறதும், கட்டியே கிடக்கிற நாயைக் கொஞ்சமும் நடமாட விடாமல் வைத்திருக்கிறதும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். ஐம்பது ரூபாய்! அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தத் தொகையைக் கூட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது எங்க நாயே இல்லையே, சும்மா வாசல்ல படுத்துக் கிடக்கும், மிச்சம் மீதி சோறு வைப்போம்" என்று சொல்வார்கள். நகரத்திலாவது சங்கிலி, லைசென்ஸ் என்று ஓர் அடையாளம் உண்டு. நம்ம ஊரில் பாதி நாய் இந்த நடுத்தர வகை. ராத்திரி திருடன் வந்தால் நம்ம நாய். காலையில் யாரையாவது கடித்தால் தெரு நாய். பிரியமானவர்களே, அது யார் குரலுக்கு வாலை ஆட்டுகிறதோ அவருக்கு அதன் மேல் பாத்தியம் உண்டு. சோறு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைக்கிற கை வெறிநோய் ஊசிக்கும் கருத்தடைக்கும் அதைக் கூட்டிக்கொண்டு போகட்டும். தெருநாய்களைக் குறித்து உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் கொடுத்த உத்தரவும் இப்படித்தான் பிரித்துப் பார்த்தது: கருத்தடையும் ஊசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமாகப் பாய்கிறவற்றையும் அப்படி விடக்கூடாது. அதற்குப் பதினொரு நாள் முன்னால், ஆகஸ்ட் 11-ல், டெல்லிப் பகுதியின் தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்து அடைக்கச் சொன்ன உத்தரவைத்தான் அது மாற்றியது. எல்லா நாயும் ஒன்றல்ல என்று உயர்ந்த நீதிமன்றமும் யோசித்து யோசித்துத்தான் வந்திருக்கிறது.

இப்போது நாய் பக்கத்து நியாயம். சகோதரன் வீட்டு நாய் ராஜபாளையம் கலப்பு. நம் மாவட்டத்துப் பெயரைத் தாங்கிய ஜாதி; 2005-ல் தபால் தலையிலேயே அதன் படம் வந்தது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, வீட்டாரைத் தவிர ஒருவரையும் அண்டவிடாத குணம். அந்தக் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தோம். குட்டியாயிருக்கும்போது அந்நியரைப் பார்த்து உறுமினால் "பாத்தியா, இப்பவே எப்படி!" என்று தட்டிக்கொடுத்தோம். வளர்ந்து அதே உறுமலோடு பால்காரர் மேல் பாய்ந்தால் "மூர்க்கமான நாய்" என்று காகிதத்தில் எழுதுகிறோம். அதற்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

அதுவும் சிவகாசி வட்டாரத்து நாய்! மற்ற ஊர் நாய்களுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் தீபாவளி. இங்கே ஏதாவது ஒரு பக்கம் வெடி போட்டுச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மனுஷன் காதுக்கு எட்டாத சத்தமும் நாய்க்குக் கேட்கும். பயந்த நாய் ஓட இடமிருந்தால் ஓடும். இரண்டடிச் சங்கிலியில் கிடந்தால் பாயும். சகோதரனிடம் கேட்டேன், அது பகல் முழுக்கத் தகரக் கொட்டகை ஓரத்தில் கட்டிக் கிடந்து, சாயங்காலம் அவிழ்த்துவிட்டதும் தெருவுக்கு ஓடுகிறது. பன்னிரண்டு மணி நேரம் கட்டிக் கிடந்தது முதல் பத்து நிமிஷத்தில் யாரை எப்படிப் பார்க்கும்?

ஆனபடியால் நாய் நிரபராதி, விட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. நாய் நிரபராதியாக இருக்கிறபடியால்தான் பொறுப்பு முழுவதும் வளர்க்கிறவன் மேல் வருகிறது.

சென்னையில் 2024 மே 5-ஆம் தேதி ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயையும் கடித்தன. அதற்குப் பிறகுதான் நாய்க்காரர் கைது, நாய்களை அப்புறப்படுத்த மாநகராட்சி நோட்டீஸ், லைசென்ஸ் வாங்கப் பட்டணத்து ஜனங்களின் கூட்டம். அங்கே குழந்தையின் தலையில் காயம் முதலில் வந்தது, காகிதம் பிறகு வந்தது. இந்தச் சகோதரனுக்குக் காகிதம் முதலில் வந்துவிட்டது. அவர் சூடான பதில் எழுதக் கேட்டது அந்தக் காகிதத்துக்கு! நான் அவரிடம், "தம்பி, வரிசை மாறாம வந்திருக்கு, அதுக்கே நீங்க ஸ்தோத்திரம் சொல்லணும்" என்றேன். சட்டமும் அதையே பார்க்கும். தன் பிராணியால் மனுஷருக்கு ஆபத்து வராதபடி போதுமான காவல் செய்யாதவனுக்கு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நோட்டீஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டவன் "எதிர்பார்க்கவில்லை" என்று அங்கே நின்று சொல்ல முடியாது.

"கேட்டுல நாய் ஜாக்கிரதைன்னு போர்டு மாட்டிட்டா போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள், அந்த போர்டு என்ன சொல்லுகிறது? எனக்கு வந்த நோட்டீஸை நான் உனக்கு அனுப்பிவிட்டேன், இனி உன் பாடு என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், நாலு வயசுப் பிள்ளைக்கும், விடியுமுன் இருட்டில் வருகிறவருக்கும் அந்த போர்டு இல்லை. உள்ளே வருகிறவனுக்கு அது உதவும். தெருவில் போகிறவனுக்குத் தெரு அவனுடையது.

எல்லாம் செய்தும் அந்த நாய் மாறவில்லை என்றால்? இதற்கு எனக்கு எளிதான பதில் இல்லை. மதில் உள்ள தோட்டமோ கிட்டங்கியோ வைத்திருக்கிறவர் கேட்டால் கொடுக்கலாம். கொடுக்கும்போது நோட்டீஸின் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாய் போகிற இடத்துக்கு அதைப் பற்றிய உண்மையும் கூடப் போகட்டும். "சாது நாய்ங்க" என்று சொல்லித் தள்ளிவிடுகிறது கண்மாய்க் கரையில் விட்டுவருகிறதற்குச் சமம். ஒருவரும் வாங்காவிட்டால், அதன் பிறகு என்ன என்பதைக் கோபத்தில் இருக்கிற நாம் தீர்க்கக் கூடாது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அப்படிப்பட்ட நாயும் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதின பதிலில் சூடு ஒன்றும் இல்லை. புகார் பொய் என்று எழுதவில்லை. நாய்க்கு வெறிநோய் ஊசி போட்ட தேதி, கால்நடை மருந்தக அட்டையின் நகல். வாசலுக்கு இடுப்பளவு இருந்த தட்டியை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்கு இரும்புக் கேட் போடுகிறதாகவும், வேலை முடியும்வரை நாயைப் பின்கட்டில் வைத்திருப்பதாகவும், காலையும் மாலையும் கயிறு பிடித்து வாய்மூடி மாட்டித்தான் வெளியே கூட்டிப்போவதாகவும் எழுதினார். யாராவது கடிபட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும், வேலை இழந்த நாட்களின் கூலியைக் கொடுக்கவும் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். "அதை எழுதிட்டா நாளைக்கு அதைக் காட்டியே கேப்பாங்களே" என்றார். கேட்பார்கள் என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்து, வரும் வழியிலேயே வெல்டிங் பட்டறையில் கேட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.